எண் 7, ஜன்னல் பக்க நாற்காலி

பொத்தான்காரருக்கு வயது ஐம்பத்து மூன்று. தையல் கம்பெனிகளுக்குப் பொத்தான் மாதிரிகளைக் காட்டி ஆர்டர் பிடிப்பது வேலை. வருடத்துக்கு நான்கு முறை பெருநகரத்துக்கு வருவார். சொந்த ஊர் எல்லையைத் தாண்டினால் அவருடைய சிம் ஊமையாகிவிடும். வேறு சிம் வாங்கச் சொல்லிச் சொல்லி மனைவி ஓய்ந்துவிட்டாள். "ஊரெல்லாம் வைஃபை சும்மா கிடக்கு, அதுக்கு எதுக்குடி சிம்மு?" என்பார்.

சும்மா கிடப்பதை அவர் சும்மா விடவில்லை. பச்சை அட்டைக் குறிப்பேட்டில் இருபத்தாறு இடங்களை எழுதி வைத்திருந்தார். எண் 3: நூலகப் படிக்கட்டு, ஐந்தாவது படி, மழையில் ஆகாது. எண் 11: சலவைக்கடை, அழுக்குச் சட்டை ஒன்று போதும். எண் 7: பல் மருத்துவர், முதல் மாடி, ஜன்னல் பக்க நாற்காலி, வேகம் மிக நன்று, கன்னத்தைப் பிடித்தபடி உட்காரவும், முறை வருமுன் நழுவவும்.

அன்று ஒரு சீருடைக் கம்பெனி பெரிய ஆர்டர் கொடுத்தது. பதினெட்டுப் பக்கப் பட்டியலும் படங்களும் நான்கு மணிக்குள் கிடங்குக்குப் போய்ச் சேர வேண்டும். "வரலேன்னா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடும். நீங்களும் அது பின்னாடியே போயிடலாம்" என்று, அவர் ஊரிலிருந்து கிளம்பும்போதே முதலாளி சொல்லியிருந்தார்.

மணி மூன்று இருபது. படிக்கட்டில் மழை. சலவைக்கடையில் பூட்டு. மற்றவை எல்லாம் பஸ் ஏறிப் போகும் தூரம். எண் 7க்கு ஓடினார். வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அனுப்பத் தொடங்கினார்.

பாதிகூட ஆகவில்லை. பதிவேட்டோடு இருந்த நர்ஸ் நிமிர்ந்தாள். "அண்ணே, வாங்க. உங்க முறை."

"எனக்கு முன்னால நாலு பேர் இருக்காங்களேம்மா!"

"அவங்க இன்னைக்கு வந்தவங்க. நீங்க போன வருஷத்துலேர்ந்து காத்திருக்கீங்க." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். "நாலு தடவையும் இடது கன்னம். இன்னைக்கு வலது. ரொம்ப முத்திப்போச்சு போல."

வேகம், நாற்காலி, பிளக் இருக்கும் சுவர் என்று எல்லாவற்றையும் எழுதியவர், எந்தக் கன்னம் என்று மட்டும் எழுதவில்லை.

நழுவினால் ஆர்டர் பாதியில் அறுந்துவிடும். போனை நாற்காலியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனார்.

"எந்தப் பல்லு?" என்றார் டாக்டர்.

குத்துமதிப்பாக ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இது கல்லு மாதிரி இருக்கு. பக்கத்துல இருக்கறதுதான் சொத்தை. எப்படிய்யா இத்தனை நாள் தாங்கினீங்க?"

பதில் சொல்ல வாய் அவர் வசம் இல்லை.

நான்கு ஐந்துக்குப் பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்தார். போன் நர்ஸின் மேஜையில் இருந்தது.

"மூணு அம்பத்தெட்டுக்குப் போயிடுச்சுண்ணே. நடுவுல ஒரு தடவை நின்னுச்சு, நான்தான் மறுபடி அமுக்கிவிட்டேன். அடுத்த தடவை இங்கேயே வாயைத் திறந்து கேளுங்க. உள்ள போய்த் திறக்க வேணாம்."

தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். எண் 7க்கு நேரே, 'கேட்டால் தருவார்கள். சேதம்: கடைவாய்ப்பல் ஒன்று' என்று எழுதினார். கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத மனிதர். எதிர்க் கட்டடத்துப் பலகையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுத்த வரியில் எழுதினார்:

எண் 27: கண் மருத்துவர், தரைத்தளம். இடது கண்.