பட்டு என்று எழுதிய பெட்டி

ஆரணியில் மைக் செட் வைத்துப் பிழைக்கிறவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாலும் பேச்சில் யாருக்கும் சளைத்ததில்லை. பக்கத்து டீக்கடைக்காரர் என்னைக் காட்டி, "இவன் வாய்க்கு ஆம்ப்ளிபயர் எதுக்கு, கரண்டு போனாலும் பேசிகினு இருப்பான்" என்பார். அந்தப் பேச்சை நானே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

என்னிடம் இருந்த பெரிய ஆம்ப்ளிபயர் போன ஆடி மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் படுத்துவிட்டது. முப்பத்திரண்டு கிலோ. உள்ளே டிரான்ஸ்பார்மர் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கும், கனமெல்லாம் அந்தப் பக்கம்தான். பழுது பார்க்கிறவர் கோயம்புத்தூரில். முந்தின வருடம் அவருக்கு இன்னொன்றை அனுப்பியபோது வழியில் யாரோ போட்ட போட்டில் டிரான்ஸ்பார்மர் பிடுங்கிக்கொண்டு போர்டையே நொறுக்கிவிட்டது. அந்தப் பெட்டியில் மூன்று பக்கம் 'ஜாக்கிரதை' என்று எழுதியிருந்தேன். ஒருத்தரும் மதிக்கவில்லை.

எங்கள் ஊரில் எல்லாரும் மதிக்கிற எழுத்து ஒன்று உண்டு. பெட்டி மேல் 'பட்டுப் புடவை' என்று இருந்தால் பார்சல் ஆபீசில் அதை எறிய மாட்டார்கள், அதன் மேல் உட்கார மாட்டார்கள், ஈரத்தில் வைக்க மாட்டார்கள். தூக்குகிறவர் வீட்டிலேயே தறி இருக்கும். ஒரு புடவை எத்தனை நாள் வேலை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இதை நினைத்துத்தான் ஒரு ஜவுளிக்கடையில் புடவை அனுப்புகிற அட்டைப்பெட்டிகள் இரண்டு கேட்டு வாங்கி வந்தேன்.

பேக்கிங்கில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. முன்னால் இருக்கும் குமிழ்களைக் கழற்றிப் பொட்டலம் கட்டினேன். சுற்றிலும் தெர்மாகோல், மூலைக்கு மூலை பழைய போர்வையைச் சுருட்டி அடைத்தேன். பெட்டிக்குள் பெட்டி வைத்து நாலு பட்டை போட்டு இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தால் சத்தமே இல்லை. வெளியே அச்சடித்திருந்த 'பட்டுப் புடவை' கொஞ்சம் மங்கியிருந்தது. மார்க்கரை எடுத்து அதன் மேலேயே மறுபடி எழுதினேன். அச்சு இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. எழுதியது நான்.

பார்சல் ஆபீசில் பதிகிற பெண் தராசைப் பார்த்தாள். "புடவைன்னு போட்டுக்கிறீங்க, முப்பத்தாறு காட்டுது?"

"ஜரிகை கொஞ்சம் கெட்டிம்மா" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது போதுமே.

அவளும் சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உள்ள இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியும்ணா. மேல வெயிட்டாவது எழுதுங்க. ரெண்டு ஆளு தூக்கணும்னு போடுங்க" என்றாள்.

"எழுதினா மெஷின்னு கண்டுபுடிச்சிருவாங்கம்மா. பழையபடி தூக்கிப் போடுவாங்க. நீ எனக்குத் தங்கச்சி மாதிரி, உடு."

வரிசை நீண்டுகொண்டிருந்தது. விட்டுவிட்டாள். நானே அந்தப் பெட்டியை முக்கி முனகி வாசலோரத்து மேஜை மேல் ஏற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அவள் போன் செய்தாள். சாயங்காலம் மழை. வண்டியில் லோடு ஏற்றுகிறவர் அந்தப் பெட்டியை இழுத்தபோது அது சரிந்து, வாசல்படிக் கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவில் அவர் இடது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரலில் எலும்பு முறிவு. பெட்டியை வேறு இரண்டு பேர் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம்.

அடிபட்டவர் பக்கத்து ஊரான முள்ளிப்பட்டுக்காரர். பல வருடப் பழக்கம். பன்னும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு பேசினார்.

"எப்பவும் போல ஒரு கையால இழுத்தேன்ணா. ஒரு பக்கமா கவுந்துச்சி பாருங்க, அப்பவே உட்டுட்டு நவுந்திருக்கலாம். கீழ மழத்தண்ணி நிக்குது. எவளோ ஒரு பொண்ணு கட்டிக்கப் போற புடவையாச்சேன்னு கைய குடுத்துட்டேன்."

நான் பன்னுப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"சூப்பர்வைசரு இன்னா சொன்னான் தெரியுமா? புடவைப் பொட்டி தூக்கத் தெரியாதவனுக்கு இங்க இன்னா வேலைன்றான். கை சரியானாலும் வர வேணாமாம்."

அவர் மனைவி தறியிலிருந்து எழுந்து வந்து நின்றார். "புடவைக்கு ஒண்ணும் ஆவலியேண்ணா? உங்க வூட்டுக் கல்யாணமா?"

"ஒண்ணும் ஆவலம்மா" என்றேன். "சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு." கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். பேசிப் பழகிய வாய், தானாக வந்தது.

மூன்றாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து போன். "ஒரு கீறல் இல்லைங்க. இந்த மாதிரி பேக் பண்ணி எனக்கு யாருமே அனுப்புனதில்லைங்க" என்றார் அந்த மனிதர். நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. போனை வைத்துவிட்டு நேராகப் பார்சல் ஆபீசுக்குப் போனேன்.

நான் ஆரம்பித்ததுமே அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். "வாயால வேணாம்ணா. எழுதிக் குடுங்க." ஒரு தாளும் பேனாவும் தள்ளினாள். பெட்டியில் இருந்தது ஆம்ப்ளிபயர், கனம் முப்பத்தாறு கிலோ, வெயிட் எழுதச் சொன்ன பெண்ணைத் தடுத்தவன் நான், தூக்கியவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சூப்பர்வைசர் இரண்டு முறை படித்தார். கை சரியானதும் அவரை வரச் சொல்கிறேன், உன் பார்சல் இனி இங்கே வேண்டாம் என்றார். சரி என்றேன்.

அங்கிருந்து முள்ளிப்பட்டு. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மிசினா?"

"ஆமா."

"மிசின்னு தெரிஞ்சிருந்தா உட்டிருப்பேன்" என்றார். அதற்குப் பிறகு 'அண்ணா' வரவில்லை. "எங்கிட்ட சொல்லிட்ட, சரி. உள்ள அவ இருக்கா. நீ போனதுலேர்ந்து அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும், கல்யாணத்துக்குத் தடங்கல் வரக்கூடாதுன்னு சொல்லிகினு கெடக்குறா. அவகிட்டயும் நீயே சொல்லிட்டுப் போ."

உள்ளே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் ஒரு குரல் கொடுக்க, சத்தம் நின்றது. அந்த அம்மா வெளியே வந்து, என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்கண்ணா, கல்யாணம் எப்போ?" என்றார்.

நான் பேச ஆரம்பிக்க வெகுநேரம் ஆயிற்று.