திருப்பித் தைத்த மடி

இழுவலையின் கடைசிப் பகுதி ஒரு நீளமான பை. கடலடியில் வலைக்குள் நுழைந்த மீனெல்லாம் வந்து சேருவது அங்கேதான். அதை மடி என்பார்கள். ஐஸ் ஆலைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் மடி தைத்தே பாதி ஆயுளைக் கழித்தவள் அக்கா. சொந்தத் தம்பியின் படகுக்கும் அவள்தான் தைத்தாள். கெட்டிக்காரி, ஆனால் பிடித்தால் உடும்புப்பிடி. அதற்குப் பயந்தே தம்பி அவளிடம் வாய்கொடுப்பதில்லை.

படகு கரைக்கு வந்ததும் மீனைத் தரம் பிரிப்பதும் அவள் வேலை. பெரியவை கூடைக்குப் போகும். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள் குவியலாக மிஞ்சும். கோழித் தீவனத்துக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். ஒரு நாள் அந்தக் குவியலைக் கையால் கிளறிப் பார்த்தாள். அத்தனையும் கூடையில் கிடந்த பெரிய மீன்களின் குஞ்சுகள்.

“இதையெல்லாம் இப்பவே தூக்கிட்டு வந்துட்டா, அப்புறம் எதைடா பிடிப்ப?” என்று தம்பியைக் கேட்டாள். வலையின் கண்ணை, அதாவது முடிச்சுகளுக்கு நடுவில் இருக்கும் துளையை, பெரிதாக்கித் தைத்துத் தருவதாகச் சொன்னாள். தம்பி அரைமனதாகத் தலையாட்டினான்.

தைத்தாள். படகு போய்வந்தது. குஞ்சுக் குவியல் குறைந்தபாடில்லை. படகில் இருந்தவர்கள் அவளுக்கு ஓட்டை அக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். தம்பி பழைய மடியைத் தேடச் சொன்னதுதான் அவளைச் சுட்டது. கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரே ஒரு முறை தைத்துப் பார்க்க அனுமதி வாங்கினாள். அதிலும் சொதப்பினாலோ, பெரிய மீன் கைவிட்டுப் போனாலோ, இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று தம்பி கறாராகச் சொல்லிவிட்டான்.

அன்று மதியமே, தான் தைத்த மடியைத் தூக்கிக் கொட்டகை உத்தரத்தில் மாட்டி, உள்ளே ஐஸ் பாளங்களைப் போட்டாள். கனம் இழுத்ததும், சாய்சதுரமாக இருந்த பெரிய கண்கள் எல்லாம் சுருக்குப் பையின் வாய்போல ஒடுங்கிக்கொண்டன. சுண்டுவிரல்கூட நுழையவில்லை. வலையைத் தரையில் விரித்து, விரல் விட்டு அளப்பதுதான் கொட்டகை வழக்கம். இழுபடும்போது அது என்ன கோலத்தில் இருக்கும் என்று அங்கே எந்த மகராசனும் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை. தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு வலைத்துண்டைக் கோணலாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு வரிசை நூல் இழுக்கும் திசையிலும், மற்றொன்று அதற்குக் குறுக்கேயும் ஓடும்படி வைத்து வெட்டித் தைத்தாள். மறுபடி ஐஸ் ஏற்றினாள். இழுபட்ட நூல்கள் விறைத்து நிற்க, கண்கள் சின்னச் சின்னச் சதுர ஜன்னல்களாகத் திறந்தே இருந்தன. அளவு அதேதான். அவள் விரல்கள் தாராளமாகப் போய்வந்தன. ஐஸ் தண்ணீர் முழங்கைவழி ஒழுகுவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

அந்த முறை அவளும் படகில் ஏறினாள். காலை வெயிலில், வலையை இழுக்கும் விஞ்ச் இயந்திரம் கயிற்றைச் சுற்றச் சுற்ற, மடி படகின் பக்கவாட்டில் மேலே வந்தது. அவள் படகின் விளிம்பில் குனிந்து பார்த்தாள். திடீரென்று மடியைச் சுற்றித் தண்ணீர் மினுமினுத்தது. வலை கிழிந்துவிட்டது என்று விஞ்ச்காரர் முணுமுணுத்தார்.

கிழியவில்லை. குஞ்சுகள் வெளியே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கண்ணுக்கு நேராக வந்து, ஒரு கணம் நிதானித்து, உடம்பைச் சற்றே நெளித்து, செதில் உரசாமல் வெளியேறியது. அதன் பின்னால் இன்னொன்று. நூறா, ஆயிரமா, அவளால் எண்ணி முடியவில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவற்றுக்கு? பெரிய மீன்கள் முட்டிப் பார்த்துவிட்டு மடிக்குள்ளேயே கனமாகக் கிடந்தன. தன் கைபட்ட துளைகளில் இத்தனை உயிர் தப்பிப் போவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு அழகான ஒன்றை அவள் அதுவரை கண்டதில்லை.

விஞ்ச் மடியைத் தண்ணீரிலிருந்து தூக்கத் தொடங்கியது. தூக்கிவிட்டால், பெரிய மீன்களின் பாரத்தில் மிச்சக் குஞ்சுகள் நசுங்கிவிடும். அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் வலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், விஞ்ச்காரரை நோக்கிக் கையை நீட்டினான்.

“நிறுத்துங்க அண்ணே. உள்ள இன்னும் குஞ்சு இருக்கு, போயிடட்டும்.”