கூடைக்கயிறும் ஒரு கரண்டிக் கஞ்சியும்

பதுளை பஸாரில் இருக்கும் இரும்புக் கடையை நான் கட்டினேன். அதற்கு மேலே இருக்கும் மாடியையும் நான்தான் கட்டினேன். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) பிறந்து, மூன்றாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டு, சந்தையில் மரக்கறி மூட்டை சுமந்தவன் நான். எனக்கு முன்னால் எங்கள் லயத்தில் யாரும் லொறி வாங்கியதில்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். எங்கள் கோயிலின் மணிக்கூண்டுக்கு இரும்பு கொடுத்ததும் நான்தான். என்னால் ஆகாது என்று சொன்னவர்கள் பிறகு என் கடையில்தான் சீமெந்து வாங்கினார்கள்.

இப்படிப்பட்ட என்னை ஒரு மிடறு தேத்தண்ணீர் ஆட்டி வைத்தது. வீட்டில் விழுங்கத் தடுமாறும் நோயாளியை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் மனைவி பிலோமினாவுக்கு டிமென்ஷியா (நினைவும் பழக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோகும் மூளை நோய்). கடை நிமிரும்வரை தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் அவள். முதலில் வழியை மறந்தாள். பிறகு அடுப்பை மறந்தாள். அதையெல்லாம் சமாளித்தோம். ஒருநாள் காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது இருமினாள். பொரையேறிவிட்டது என்று மகள் ஸ்டெல்லா உச்சந்தலையில் தட்டினாள். அடுத்தடுத்த நாட்களிலும் அதே இருமல். குரல் ஈரமாகக் கரகரத்தது. பிறகு காய்ச்சல்.

ஆஸ்பத்திரியில் அதை ஆஸ்பிரேஷன் நிமோனியா (தின்பதும் குடிப்பதும் மூச்சுக்குழாயில் இறங்கி நெஞ்சில் சளி கட்டுவது) என்றார்கள். குணமாகி வந்தாள். மறுபடியும் அதே காய்ச்சல் வந்தது. வார்டு டாக்டர் என்னை நடைக்கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவ இப்படி வந்தா, மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சாப்பாடு குடுக்க வேண்டி வரும்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாவுக்குக் குழாய் போட்டிருந்தார்கள். பிடுங்காமல் இருக்கக் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நான் அந்த நடைக்கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். உட்காரச் சொன்னார்கள். எனக்கு உட்காரத் தெரியாது. பிலோமினாவின் கையைக் கட்ட விடமாட்டேன் என்று மட்டும் தெரியும்.

அப்போதுதான் பேச்சு சிகிச்சை மிஸ் வந்தார். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பேசுகிற அதே நாக்கும் தொண்டையும்தான் விழுங்கவும் வேலை செய்கின்றன என்றார். பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளை. பிலோமினாவின் தொண்டையில் விரல் வைத்து, கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். ஒரு இருமல் இல்லை.

"இங்க நல்லா குடிக்கிறாங்களே. வீட்ல எப்படிக் குடுக்குறீங்க? செஞ்சு காட்டுங்க."

ஸ்டெல்லா அம்மாவின் தாடையை மேலே தூக்கி, கோப்பையை உயர்த்தினாள். பிலோமினா குருவிக்குஞ்சு மாதிரி வாயை வானத்தைப் பார்த்துத் திறந்தாள்.

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!" மிஸ் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டார். "அண்ணாந்து குடிச்சா மூச்சுக்குழாய்க் கதவு தொறந்து கெடக்கும். நேரா உள்ள போயிரும்."

"எங்க வீட்ல எச்சில் பண்ணிக் குடிக்கிற பழக்கம் இல்ல மிஸ்," என்றேன். தோட்டத்தில் ஒரு போத்தல் தண்ணீரை மலையில் நிற்கிற அத்தனை பேரும் குடிப்பார்கள். உதடு படக்கூடாது. மாடி வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சுத்தத்தை நான் விடவில்லை.

"பெருமைய கொஞ்சம் கீழ எறக்குங்க ஐயா. அம்மாவோட தாடையையும் சேர்த்து."

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

தாடை நெஞ்சைப் பார்க்க வேண்டும், நிமிர்ந்து உட்கார வேண்டும், சின்னக் கரண்டி, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். சொல்வது லேசு. வீட்டில் கரண்டியைக் கண்டால் பிலோமினாவின் தலை தானாகப் பின்னால் போகும். "கீழ பாரும்மா" என்றால் மேலே பார்ப்பாள். தலையைப் பிடித்தால் கையைக் கடிப்பாள். நீர் மெதுவாக இறங்கட்டும் என்று மிஸ் கொடுத்த கெட்டிமாவைத் தேத்தண்ணீரில் கலந்து கொடுத்தோம். கொழுந்து பறித்தவளுக்குத் தேத்தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரியாதா, துப்பிவிட்டாள். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. கடையில் என் கை ஓடவில்லை.

ஒருநாள் அவள் இருமிக்கொண்டிருந்தபோது பார்க்க முடியாமல் பின் அறைக்குப் போனேன். அங்கே அவளுடைய பழைய கொழுந்துக் கூடை கிடந்தது. எத்தனையோ முறை எறியப் பார்த்தேன், அவள் விடவில்லை. கூடையைப் பார்த்ததும் எனக்கு மலை ஞாபகம் வந்தது. கூடைக்கயிறு தலையில் இருக்கும்போது கொழுந்து பறிக்கிற பெண் யாரும் அண்ணாந்து குடிப்பதில்லை. முடியாது, பாரம் பின்னால் இழுக்கும். கூடையை இறக்கி வைத்துவிட்டுத்தான் போத்தலைத் தூக்குவார்கள். கூடை இருக்கும்வரை கழுத்து முன்னால்தான் வளைந்திருக்கும்.

வெறுங்கூடையை அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் தொங்கவிட்டு, அவள் தலையில் துணியை மடித்து வைத்து, அதன்மேல் கயிற்றை மாட்டினேன்.

"அப்பா, என்னப்பா பண்றீங்க? பைத்தியமா ஒங்களுக்கு?" ஸ்டெல்லா கத்தினாள்.

பிலோமினாவின் கழுத்து வளைந்தது. தாடை நெஞ்சுக்கு வந்தது. இரண்டு கைகளும் மடியில் இல்லாத செடியைக் கிள்ளத் தொடங்கின. ஸ்டெல்லா ஒரு கரண்டிக் கஞ்சி கொடுத்தாள். தொண்டை ஏறி இறங்கியது. காத்திருந்தோம். இருமல் வரவில்லை.

கூடையோடு கிளினிக்குக்குப் போனேன். வரிசையில் இருந்தவர்கள் எந்தத் தோட்டத்துப் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) போகிறீர்கள் என்று கேலி செய்தார்கள். மிஸ் கேலி செய்யவில்லை. பிலோமினாவின் தொண்டையில் விரல் வைத்து ஒவ்வொரு வாயையும் பார்த்தார். பிறகு கயிற்றைக் கழற்றினார்.

"வயசான கழுத்து ஐயா, பாரம் வேணாம். துணிய மட்டும் தலையில கட்டி, முன்னால லேசா அழுத்திப் பாப்போம்."

துணியே போதுமாக இருந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: எல்லா நோயாளிக்கும் தாடையைத் தாழ்த்துவது சரிவராது என்கிறார் மிஸ். உங்கள் மிஸ்ஸிடம் காட்டாமல் எதையும் செய்யாதீர்கள்.

குழாய் இதுவரை வரவில்லை. நோய் போகவில்லை, அது தன் வேலையைப் பார்க்கிறது. ஆனால் கஞ்சி இறங்குகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிமென்ஷியா நோயாளிகளின் விழுங்கும் கஷ்டத்தைப் பேச்சு சிகிச்சையாளர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று ஒரு பெண் பிள்ளை கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறது. மிஸ்ஸைப் பேட்டி கண்டது. மிஸ் சொல்லி, எங்கள் வீட்டுக்கும் வந்து துணி கட்டுவதைப் பார்த்தது. எழுதியதை வாசிக்கச் சொன்னேன். தோட்டத்து நோயாளிக்குப் பழகிய பொருளைக் கொண்டு சிகிச்சையாளர் உருவாக்கிய முறை என்று வாசித்தது.

"அத உருவாக்குனது நான்," என்றேன்.

"மிஸ்ஸும் அதத்தான் சொன்னாங்க ஐயா. ஆனா என் ஆராய்ச்சி சிகிச்சையாளர்களப் பத்தினது. குடும்பத்துக்காரங்க பேர் போடுற வழக்கம் இல்ல. 'பராமரிப்பாளர்'னு போடுறேன்."

"பராமரிப்பாளரா? நான் என்ன வாட்ச்மேனா?"

பிள்ளை தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, யோசிக்கிறேன் என்று சொல்லிப் போனது.

கடையில் நின்றபடியே தின்றவன் நான். இப்போது என் சோறு எனக்குள் இறங்குவது எனக்குத் தெரிகிறது. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று முன்பு தெரியாது. அந்த இடத்தில் உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறேன். கால் இன்னும் ஆடுகிறது.

துணி கட்டினால் பிலோமினா மலைக்குப் போய்விடுகிறாள். "கங்காணி ஐயா, கூட நெறஞ்சிருச்சு" என்கிறாள். கங்காணிக்குப் பயந்து தோட்டத்தை விட்டு ஓடி வந்தவனைப் பார்த்துச் சொல்கிறாள். "சரி, எறக்கி வைம்மா" என்கிறேன். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை, அது மரியாதை. இப்போது அவளுக்கு அந்தப் பெயர் தெரியவும் தெரியாது.

ஆகவே, ஆராய்ச்சிப் பிள்ளைக்குச் சொல்கிறேன். மிஸ்ஸின் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். பிலோமினாவின் பெயரை மறைக்க வேண்டுமென்றால் மறையுங்கள். கூடைக்கயிற்றைக் கண்டுபிடித்தவன் பெயரை மட்டும் முழுதாக, பிழையில்லாமல் போடுங்கள். சவரிமுத்து, பதுளை. அவளிடமிருந்து போன அந்தப் பெயர் ஒரு புத்தகத்திலாவது இருக்க வேண்டும்.