பியானோவுக்குச் சந்தனம் வைத்த பிச்சைமணி

ஏலப்பாறைக்கு மேலே, பனி இறங்கினால் எதிரே வரிசையாக நிற்கும் தொழிலாளர் லயம்கூடக் கண்ணுக்குத் தெரியாத ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிச்சைமணி சூப்பர்வைசராக இருந்தார். கொழுந்து எடுக்கும் பெண்கள் நேரில் அவரை ‘அய்யா’ என்பார்கள். அவர் காதுக்கு எட்டாத இடத்தில் வேறு சில பெயர்களும் வழங்கின. இந்த வரலாற்றின் கண்ணியம் கருதி அவற்றை விட்டுவிடுகிறேன்.

எழுபத்து மூன்றில் கடைசி வெள்ளைக்கார துரை சீமைக்குப் போனார். அவர் உட்கார்ந்த சாய்வு நாற்காலியை ஃபாக்டரியில் தேயிலைப் பதம் பார்க்கும் டீமேக்கர் எடுத்துக்கொண்டார். குளித்த தொட்டியை ஹெட்கிளார்க் எடுத்துக்கொண்டார். பங்களாவில் மிச்சமிருந்த பெருமை ஒரு பியானோதான். பிச்சைமணி அதைக் கொழுந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்த பியானோ அடுப்பங்கரை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. அன்று முதல் அவர் மனைவி அழகுத்தாய் பின்பக்கமாக இறங்கி, வீட்டைச் சுற்றிச் சோறு கொண்டுவந்தாள். மழைக்காலத்தில் குடை பிடித்தபடி.

“வாசிக்கத் தெரியாத சாமானுக்கு வீட்ட விட்டுக் குடுத்துட்டு நான் குழம்புச் சட்டியோட நனையுதேன்,” என்றாள்.

ஆகவே வாசிக்கக் கற்றுக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

கற்பிக்க வந்தவள் சாந்தம்மாள். கோட்டயத்தில் கன்னியாஸ்திரீகளின் விடுதியில் தங்கிப் படித்தபோது பியானோ பழகியவள். இப்போது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் தற்காலிக வேலை. வருஷ முடிவில் அதுவும் போய்விடும். பிறகு போடியில் அண்ணன் வீடுதான். வெந்நீரைக்கூட அளந்து ஊற்றும் அண்ணி இருக்கும் வீடு.

“விரல மடக்கி வைங்கய்யா. கொழுந்து கிள்ளுற மாதிரி.”

“நான் எங்க டீச்சர் கிள்ளுனேன்? கிள்ளுறவகள ஏசத்தான் தெரியும்.”

“அப்பக் கொஞ்ச நேரம் ஏசாம வாசிங்க.”

இசை கற்பதன் பயன்களை, கற்று முடிப்பதற்கு முன்பே, பிச்சைமணி நாட்டுக்கு எடுத்துரைக்கத் தொடங்கினார். கோபம் தணியும், ஞாபகம் கூடும், வாயு கலையும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று இவற்றைத் தொண்டை புடைக்க விளக்கினார். “சங்கீதம் படிச்சா மனுசன் சாந்தமாயிருவான். ஏ சீனியம்மா, சொல்லிட்டே இருக்கேன், எங்க பாக்குற, மூதேவி.”

செய்தி மானேஜர் வரை போயிற்று. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டு டீச்சரை வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மலையாளியான கம்பெனி டைரக்டர் சம்மதிக்க வேண்டும். பிச்சைமணிக்கே வாசிப்பு வந்துவிட்டது என்றால் அதைவிடப் பெரிய சிபாரிசு எது? ஆயுதபூஜைக்கு மறுநாள் டைரக்டர் தோட்டத்துக்கு வருகிறார். பிச்சைமணி வாசித்துக் காட்டட்டும், வேலை சாந்தம்மாளுக்கு என்று முடிவாயிற்று.

உள்ளபடியே சொல்ல வேண்டும்: அதற்குள் ஒரு சிறிய பாட்டை இரண்டு கையாலும் முழுதாக வாசிக்க அவருக்கு வந்திருந்தது.

ஆயுதபூஜையன்று ஃபாக்டரி இயந்திரங்கள், லாரி, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டன. பியானோ மட்டும் என்ன பாவம் செய்தது? பிச்சைமணி தம் கையாலேயே சந்தனம் அரைத்தார். ஒவ்வொரு வெள்ளைக் கட்டைக்கும் ஒரு பொட்டு. கறுப்பில் எடுப்பாகத் தெரியவில்லை என்று இரண்டு பூச்சு. மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் இடுக்குகளில் வழித்துவிட்டார்.

சாயங்காலம் சாந்தம்மாள் வந்து, “ஒரு தடவ வாசிச்சுப் பாத்துருவோமாய்யா?” என்று வாசலில் நின்று கேட்டாள்.

“பூசையில வச்ச சாமானத் தொடக்கூடாது டீச்சர். ஒங்க கன்னியாஸ்திரீமாரு இதெல்லாம் சொல்லித் தரமாட்டாக.”

அடுப்பங்கரைச் சூட்டில் சந்தனம் விடிவதற்குள் நன்றாகக் காய்ந்தது.

மறுநாள் டைரக்டர் வீட்டுக்கே வந்தார், அமர்ந்தார். பிச்சைமணி முதல் கட்டையை அழுத்தினார். சத்தம் வந்தது, கீழே போன கட்டை திரும்பி மேலே வரவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது போகவே இல்லை. பாதிப் பாட்டுக்குள் பியானோ பல் கொட்டிய வாய்போல் ஆகிவிட்டது.

“எந்தா இது?” என்றார் டைரக்டர்.

பிச்சைமணி கட்டைகளிலிருந்து கையை எடுத்தார். “டீச்சர் சொல்லிக் குடுத்தது சரியில்லைங்க சார்.”

சாந்தம்மாள் அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். டைரக்டர் எழுந்து ஜீப்புக்குப் போனார். மானேஜர் பின்னால் போனார். அவளும் போய்விட்டாள்.

காப்பி டம்ளர்களோடு வீட்டைச் சுற்றி வந்த அழகுத்தாய் வெறும் நாற்காலிகளைக் கண்டாள். நடந்ததைக் கேட்டாள். கத்தி முனையால் ஒரு கட்டையை நெம்பி, உதிர்ந்த சந்தனத்தைக் கணவர் முன்னால் நீட்டினாள்.

“இத டீச்சரா வச்சாக?”

பிச்சைமணி ஓடினார். ஜீப் ரோடு சுற்றி வருவதற்குள் செடிகளுக்கிடையே சறுக்கிக்கொண்டு இறங்கி, கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதை மறித்தார். பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள்.

“சார், தப்பு என்னோடது. சந்தனத்த அப்புனது நான். அந்தப் பிள்ளை நல்லாத்தான் சொல்லிக் குடுத்துச்சு.”

“அது ஞான் எங்ஙனெ அறியும்?” என்றார் டைரக்டர்.

பிச்சைமணி இரண்டு கைகளையும் ஜீப் பானட்டில் வைத்தார். விரலை மடக்கினார். மலைக்கு மலை கேட்கும் அந்தக் குரலைத் தணித்து, வாயால் பாட்டைச் சொல்லிக்கொண்டே தகரத்தில் வாசித்தார். தப்பிய இடத்தில் திரும்பிப் போய், சரிசெய்துகொண்டு மேலே போனார். முடிகிறவரை யாரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் வரிசையில் நின்ற சீனியம்மா சொன்னாள்: “அய்யாவுக்கு வாயு நல்லாவே கலஞ்சிருச்சு.”

அதன் பிறகு சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. டைரக்டரும் சிரித்தார். “ஆ குட்டியெ ஸ்கூளில் வெச்சோளூ,” என்று, சாந்தம்மாளைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளும்படி மானேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சாந்தம்மாள் ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். வழியில் பார்த்தபோது, “பாடத்துக்கு வரட்டுமாய்யா?” என்று அவளாகவே கேட்டாள். பியானோ ரிப்பேரில் இருக்கிறது என்றார் பிச்சைமணி. அது பொய்யல்ல. தப்பு தம்முடையதுதான் என்று டைரக்டரிடம் சொன்னார், கொழுந்துக்காரிகள் காதில் விழச் சொன்னார். அவளிடம் சொல்ல வேண்டியதுதான் வாயில் வரவில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அவர் கீழ் ரோட்டை விட்டுவிட்டு மேல் பாதையில் வீடு திரும்பத் தொடங்கினார். மேல் பாதையில் அட்டை அதிகம்.

காலில் உப்புப் போட்டு அவற்றை உதிர்த்துக்கொண்டிருக்கும்போது அழகுத்தாய் கேட்பாள்: “நல்ல ரோடு இருக்கையில எதுக்கு அந்த வழியா வாரீக?”

பிச்சைமணி வேட்டியைத் தூக்கி இன்னொரு அட்டையைத் தேடுவார்.