எங்கள் வீட்டு ஜாவாக் கட்சி

இப்போது என் அலுவலகத்தில் எந்தக் கணினி மொழி உசத்தி என்று சின்னப் பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் அடித்துக்கொள்ளும்போது நான் வாயே திறப்பதில்லை. பயமெல்லாம் ஒன்றுமில்லை. பத்து வயதிலேயே அந்தச் சண்டையில் மூக்கை நுழைத்து, பெற்ற தாயைக் காட்டிக்கொடுத்தவள் நான். அந்த அனுபவமே போதும்.

அப்போது ஹைதராபாத்தில் மாதாப்பூரில் குடியிருந்தோம். அப்பா ஜாவாவில் நிரல் எழுதுகிறவர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மதுரையிலிருந்து வேலை தேடி வந்து எங்கள் கூடத்தில் பாய் விரித்திருந்தார். வந்தவர் ஏதாவது படித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும். ஜாவா படி என்றார் அப்பா. அதற்குப் போட்டியான டாட்நெட்தான் படிப்பேன் என்றார் மாமா. அடுப்பில் தோசைக்கல் ஏறியதும் தினமும் கச்சேரி தொடங்கிவிடும்.

"ஒரு தடவை எழுதினாப் போதும் மாப்ள, எந்த மெஷின்லயும் ஓடும்."

"ஓடட்டும் மச்சான். நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள நாங்க திரையில பட்டனை இழுத்து வச்சுட்டு வீட்டுக்கே போயிருவோம்."

"இழுத்து வைக்கிறதுக்குப் பேரு வேலையாடா?"

ஜாவா கறுப்பா சிவப்பா என்று எனக்குத் தெரியாது. அப்பா கட்சி என் கட்சி, அவ்வளவுதான். கீழ்வீட்டுப் பெண்ணின் அப்பா டாட்நெட்காரர் என்று தெரிந்த அன்றே அவளோடு கா விட்டேன். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பாள். அவளும் ஒரு காலத்தில் கோபோல் என்ற பழைய மொழியில் நிரல் எழுதியவள்தான். நான் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாள். அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. நானும்தான்.

ஊரில் கணினி வகுப்புகள் நிறைந்த பகுதியான அமீர்பேட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பயிற்சி வகுப்பிலும் முதல் மூன்று நாள் இலவசம். உட்கார்ந்து பார்க்கலாம், பிடித்தால் சேரலாம், பிடிக்காவிட்டால் எதிர்க் கட்டடத்தில் இன்னொரு சார் கூவிக்கொண்டிருப்பார். கோடை விடுமுறை முடியப்போகிற நேரத்தில் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "நீயும் கூடப் போ. விட்டா இவன் டாட்நெட் பக்கம் நழுவிருவான். ஜாவாவுல பேரைக் கொடுத்துட்டு வந்துரு." வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நானும் போனேன்.

காலை ஏழு மணிக்கு ஜாவா. மாமா பாதி வகுப்பு தூங்கினார். நான் புரியாமலே தலையாட்டிக் கேட்டேன். வகுப்பு முடிந்ததும் அம்மா நேராக மேசைக்குப் போய் மாமாவின் பெயரைக் கொடுத்தாள். "அக்கா, மச்சான் சொன்னா அப்படியே செஞ்சுருவியா?" என்று புலம்பினார் மாமா. "உனக்கென்னடா, காலைல எந்திரிச்சாப் போதும்" என்றாள் அம்மா. கீழே வந்தவள் வீட்டுக்குப் போகும் பேருந்தைப் பார்க்கவில்லை, எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள். "வா, அதையும் பாத்துருவோம்."

பத்தரை மணிக்கு அங்கே டாட்நெட். கால் வைக்க இடமில்லை. அந்த சார் ஜாவாவைக் கிழித்துத் தோரணம் கட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவோ என் பழைய கணக்கு நோட்டின் காலிப் பக்கங்களில் விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தாள். நடுவில் சார் பலகையில் சில வரிகள் எழுதி, இது எத்தனை தடவை சுற்றும் என்று கேட்டார். பூஜ்யத்தில் தொடங்கிப் பத்து வரை. கூட்டம் மொத்தமும் பத்து என்றது.

அம்மா எழுந்து நின்றாள். "பதினொன்று."

நான் விரல் விட்டு எண்ணினேன். சரிதான்! சார் அவளை ஏற இறங்கப் பார்த்து, இதற்கு முன் எதில் அனுபவம் என்று கேட்டார். கோபோல், நாலு வருஷம் என்றாள். "கோபோலா? மியூசியம்லோ பெட்டாலி மேடம்!" என்றார் அவர் தெலுங்கில்; மியூசியத்தில்தான் வைக்க வேண்டுமாம். கூடமே சிரித்தது. மாமாகூட வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது. அம்மா உட்காரவில்லை.

"நவ்வண்டி சார், பர்வாலேது. ஆன்சர் கரெக்டா, காதா?" சிரியுங்கள் சார், பரவாயில்லை, விடை சரியா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டாள். சரி என்று சார் ஒப்புக்கொண்ட பிறகே உட்கார்ந்தாள். வெளியே வரும்போது அங்கிருந்த மேசையிலும் ஒரு பெயர் கொடுத்தாள். அது அவள் பெயர்.

சாயங்காலம் அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் ஓடினேன். "அப்பா, அம்மா டாட்நெட்ல சேந்துட்டா!"

அப்பா கெட்டவர் இல்லை. நிஜமாகவே குழம்பிப்போனார். "பத்து வருஷம் வீட்டுல இருந்துட்ட, இனிமே யாரு எடுப்பா? அப்படியே படிக்கணும்னாலும் ஜாவா படியேன். வீட்டுல நான் எதுக்கு இருக்கேன், சொல்லித் தர மாட்டேனா?"

"எடுப்பாங்களா மாட்டாங்களான்னு நான் பாத்துக்கறேன்ங்க. நான் வேலைக்குப் போகத்தான் போறேன்."

"பாத்தீங்களா மச்சான், அக்கா நம்ம கட்சி!" என்று குதித்தார் மாமா.

"உன் கட்சியும் இல்ல, அவர் கட்சியும் இல்ல. போடா."

அப்பா விடவில்லை. எதற்காக டாட்நெட், அதில் அப்படி என்ன இருக்கிறது, ஒரே ஒரு காரணம் சொல் என்றார். நானும் சேர்ந்துகொண்டு, ஜாவாவில் சேரும்மா என்று காலை உதைத்து அழுதேன். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"ஜாவா காலைல ஏழு மணி. விட்டா சாயங்காலம் ஏழு மணி. டாட்நெட் மட்டுந்தான் பத்தரைக்கு இருக்கு, ஒன்றரைக்கு விட்டுருவாங்க. அதான் காரணம்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "சரி, சேரு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தா ஒரு மொழியைத் தேர்ந்தெடுப்பார்கள்? இதற்குப்போய் அப்பா பணிந்துவிட்டாரே! அம்மாவோடு ஒரு வாரம் பேசவில்லை. அவளுடைய வகுப்பும் என் பள்ளியும் ஒரே வாரத்தில் தொடங்கின. மறு வருஷம் அவளுக்கு வேலை கிடைத்தது. அதுவரை ஒருநாள்கூட நான் பூட்டிய கதவின் முன் நின்றதில்லை.

பள்ளிப் பேருந்து எட்டரைக்கு வரும், மூன்று மணிக்குக் கொண்டுவந்து விடும் என்பது எனக்கு மனப்பாடம். பத்தரையும் ஒன்றரையும் அதற்கு நடுவில்தான் இருக்கின்றன என்று சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. டாட்நெட்டிடம் அப்பா தோற்றுவிட்டார் என்று அழுதுகொண்டிருந்தேன்.