பெரியப்பாவின் பொடியும் என் ஊசியும்

எனக்குப் பன்னிரண்டு வயதில் சர்க்கரை வந்தது. பெரியவர்களுக்கு வருகிற, மாத்திரையும் நடையுமாகச் சமாளிக்கிற சர்க்கரை இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிற வகை. ஊசி வழியாக அதை உள்ளே செலுத்தினால் உயிர் இருக்கும், செலுத்தாவிட்டால் இருக்காது. இதைவிட எளிதாக ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாது. ஆனாலும் திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கும் இது புரிந்ததில்லை. புரியாமல் இருப்பது தப்பில்லை. புரியாமலே புத்தி சொல்ல வருவார்கள், அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "சின்னதுல முட்டாயி நெறயத் தின்னிருக்குது புள்ள" என்பார் ஒருவர். "ஊசிக்குப் பழகிட்டா அப்புறம் உடாது சாமி" என்பார் இன்னொருவர், நான் ஏதோ சாராயத்துக்குப் பழகிவிட்டதைப் போல.

இவர்கள் எல்லோருக்கும் தலைவர் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்தார். வடநாட்டிலெல்லாம் அவருடைய வண்டிகள் ஓடின. பூமிக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்கு மனுஷ உடம்புக்குள் இருப்பதும் தெரியும் என்று அவராகவே முடிவுசெய்துகொண்டார். வசதி இருந்ததால் மற்றவர்களும் அதை ஒத்துக்கொண்டார்கள். என் அப்பா அவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நான் சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். பெரியப்பா காரோடு வந்து நின்றார்.

"கண்ணாலத்துக்கு முந்தி இந்த ஊசிய நிறுத்தியாகோணும். ஓமலூர்ல ஒருத்தர் இருக்கறாரு. பொடி குடுக்கறாரு. கெளம்பு."

"எனக்கு ஊசிய நிறுத்தக்கூடாதுங்க பெரியப்பா. டாக்டர் சொல்லியிருக்கறாங்க."

"டாக்டரு அவன் பொழப்புக்குச் சொல்லுவான்" என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் காரில் ஏறினேன்.

அந்த வைத்தியருக்கு விரலெல்லாம் மோதிரம். என் மணிக்கட்டைப் பிடித்தபடியே போனில் யாரிடமோ வீட்டு மனை விஷயம் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஊசி போடப் போட ஒடம்பு சோம்பேறி ஆயிரும். நிறுத்துனாத்தான் அது வேலை செய்யும்" என்றார். பெரியப்பா பள்ளிக்கூடப் பையனைப் போலத் தலையாட்டினார். வீட்டுக்குத் திரும்பியதும் பிரிட்ஜிலிருந்த என் இன்சுலின் பாட்டில்களை அவரே எடுத்துக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் கையில் ஒரு டப்பா பச்சைப் பொடி இருந்தது.

மறுநாளே தாகம் தொடங்கியது. குடம் குடமாகக் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதற்கடுத்த நாள் வாந்தி. மூச்சு, மலை ஏறியவளைப் போல வாங்கியது. என் வாயிலிருந்து அழுகின பழ வாசம் வருவதாக அம்மா சொன்னாள். பெரியப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று அப்பா சொன்னது என் காதில் விழுந்தது. அதற்கு அம்மா அப்பாவை என்ன வார்த்தை சொன்னாள் என்பதை எழுத முடியாது. அவளே பக்கத்து வீட்டு வண்டியைப் பிடித்து என்னைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

கண் விழித்தபோது இரண்டு கையிலும் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் பெரியப்பா, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் கையில் இளநீருமாக.

"ஊசியோட வெசம் எறங்கறப்ப இப்புடித்தான் இருக்கும். இன்னும் ரண்டு நாளு தாங்கியிருந்தா எல்லாஞ் சரியாயிருக்கும்" என்று டாக்டரிடமே சொன்னார்.

"இன்னும் ரெண்டு நாள் தாங்கியிருந்தா நீங்க பாடை கட்டியிருக்கணும்" என்றார் டாக்டர். பெரியப்பா அதற்கும் சிரித்தார். தான் தப்பு செய்திருக்கலாம் என்ற எண்ணமே எட்டிப் பார்க்காத முகம் அது. அதற்கு முன் அவரிடம் எனக்குப் பயம் இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு பயம் போய்விட்டது, வெறும் இளக்காரம்தான் மிஞ்சியது.

படிப்பு முடிந்து சேலத்திலேயே அஸ்தம்பட்டியில் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆனது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் விரலைக் குத்திப் பார்ப்பது, சோற்றின் அளவைப் பார்த்து மருந்தின் அளவை முடிவுசெய்வது, சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும்போது வாயில் குளுக்கோஸ் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்வது என்று வருஷங்கள் போயின. இதற்கு லீவு கிடையாது. போன வருஷம் கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். சிறுநீரில் புரதம் கொஞ்சம் கசிகிறது. "இத்தனை வருஷத்துக்கு இது நல்ல நிலைமைதான். நீங்க விடாம பாத்துக்கிட்டதால இவ்வளவோட நிக்குது" என்றார் என்னைப் பார்க்கும் டாக்டரம்மா. அந்தச் செய்தி ஊருக்குப் போனதும் பெரியப்பா போன் செய்தார்.

"பாத்தியா? ஊசி கண்ணுக்கு ஏறிருச்சு."

நான் போனை வைத்தேன். இதைச் சொன்னவருக்கு அப்போதே பல வருஷமாகச் சர்க்கரை. காலில் வந்த புண்ணைப் பொடியாலேயே ஆற்றுகிறேன் என்று உட்கார்ந்து, கடைசியில் கால் விரலை எடுத்திருந்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம் கல் இடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தத் தை மாதம் பள்ளிபாளையத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். குளுக்கோஸ் மாத்திரையை எங்கள் காரில் விட்டுவிட்டேன் என்று மண்டபத்துக்கு வெளியே எடுக்கப் போனேன். பக்கத்துக் காரின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. உள்ளே பெரியப்பா. சட்டையைத் தூக்கித் தொந்தியில் இன்சுலின் பேனாவை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஊசி குத்தியிருக்கும்போதே சட்டையை இறக்கிவிட்டார்.

"வைட்டமின் ஊசி சாமி" என்றார்.

"மெதுவாப் பத்து எண்ணிட்டு எடுங்க பெரியப்பா. இல்லைன்னா மருந்து வெளிய வந்துரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் ஊசி போடுவதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. போட்டால்தான் மிச்சமிருக்கும் கால் விரல்களாவது இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் அவரும் உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சுற்றிலும் வழக்கமான கூட்டம். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் தன் மகளைக் கூட்டி வந்திருந்தாள். எட்டு வயதுக் குழந்தை, என் வகைச் சர்க்கரை, கண்டுபிடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தப் பெண்ணை நிற்கவைத்து அவர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

"பச்சப் புள்ளைய ஏன் கண்ணு குத்திக் குத்திக் கொல்ற? என்னையப் பாரு. ஒரு ஊசி உண்டா? எல்லாம் பொடிதான். நாளைக்கே ஓமலூருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அந்தப் பெண், "அப்புடீங்களா மாமா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"பெரியப்பா, கார்ல பத்து எண்ணி எடுத்தீங்களா?"

"என்ன சாமி சொல்ற?"

அவர் சட்டைப் பையில் அந்தப் பேனா, எழுதும் பேனாவைப் போலவே செருகியிருந்தது. எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். "உம் புள்ள போடற அதே மருந்துதான். இப்பத்தான் போட்டுட்டு வந்தாரு. இவரு பேச்சைக் கேட்டு நான் ஊசிய நிறுத்தி, சேலம் ஆஸ்பத்திரியில பொணமாட்டக் கெடந்தேன். எங்கம்மாவைக் கேளு."

நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்ததால் நான் கத்தித்தான் சொன்னேன். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பெரியப்பா, "அது வைட்டமினுங்க, வைட்டமினுங்க" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னார். குழந்தை அந்தப் பேனாவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இல்லீங் தாத்தா, எங்க ஊட்டுலயும் இதேதான் இருக்குது" என்றது.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த வசவுக்கு அளவில்லை. பெரியவரைச் சபையில் வைத்து அவமானப்படுத்திவிட்டேனாம். என்னை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தபோது வாயைத் திறக்காத அத்தனை பேருக்கும் அன்று மரியாதை நினைவுக்கு வந்தது. அப்பா வழக்கம்போலக் குனிந்த தலையோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மா மட்டும் எனக்கு இலையில் இன்னொரு வடை வைக்கச் சொன்னாள்.

அந்தப் பெண் இப்போது என்னைப் பார்க்கும் அஸ்தம்பட்டி டாக்டரம்மாவிடமே மகளைக் கூட்டி வருகிறாள். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, பள்ளியில் ஓட்டப்பந்தயத்துக்கு முன் என்ன கொடுப்பது என்று எனக்குப் போன் செய்து கேட்பாள். தெரிந்ததைச் சொல்கிறேன். பெரியப்பா என்னோடு பேசுவதில்லை. சர்க்கரையைப் பற்றி வேறு யாரிடமும் பேசுவதில்லை என்றும் கேள்வி. முட்டி வலிக்கு இப்போது ஒரு எண்ணெய் கண்டுபிடித்திருக்கிறாராம். கேட்பதற்குக் கூட்டமும் சேருகிறதாம்.