பதினொரு சொட்டுக் கடல்

காலை 6.10. கோவில்பட்டி பேருந்து நிலையத்திலிருந்து விளாத்திகுளம் வண்டி புறப்பட்டபோது என் மடியில் ஒரு நுண்ணோக்கி இருந்தது. கல்லூரித் தாவரவியல் துறையில் இருப்பதிலேயே சிறியது. துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தேன். காலடியில், பட்டுத்துணி போன்ற கண்ணிகள் கொண்ட ஒரு வலையும் பாட்டில்களும். டிக்கெட் இருபத்தேழு ரூபாய்.

நான் போன ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. குளத்தூருக்குக் கிழக்கே, கடலோரத்தில், நூறு வீடு தேறாத ஊர். நான் அங்கே போவதற்கு ஐந்து நாட்களுக்கு முன் என் பெயரோடு சேர்ந்து அது அச்சில் வந்ததே போதும்.

நடந்தது இதுதான். அந்தக் கரையில் கடல் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. ஒரு நிருபர் கைபேசியில் நான்கு படங்களை அனுப்பிக் கருத்துக் கேட்டார். வகுப்புக்குப் போகிற அவசரத்தில், "விஷப் பாசியாக இருக்கலாம்" என்றேன். மறுநாள் செய்தியில் 'இருக்கலாம்' இல்லை. ஊர்ப் பெயர் இருந்தது. என் படமும் இருந்தது. அதைக் கத்தரித்துத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியவன் நானேதான்.

அந்த ஊரிலிருந்து புதன்கிழமைதோறும் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் செல்வமேரி அக்கா, அந்தப் புதன் வரவில்லை. போன் செய்தேன். "கொண்டாந்தா மட்டும் யாரு வாங்குதா, சார்?" என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகுதான் நிருபர் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் பாசி தெரியாது, பச்சைதான் தெரியும். சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

எட்டயபுரம் தாண்டியதும் இருபுறமும் கரிசல். ஐப்பசி மழைக்கு முளைகள் வரிசை கட்டி நின்றன. பக்கத்து இருக்கைக்காரர் வலையைப் பார்த்து, எங்கே போகிறேன் என்று கேட்டார்.

"பாசி பாக்கப் போறேன், அண்ணாச்சி."

"இந்த வருசம் உளுந்தும் பாசியும் நல்லாத்தான் முளைச்சிருக்கு. விவசாய ஆபீசா நீங்க?"

பச்சைப்பயறுக்கும் இங்கே பாசி என்றுதான் பெயர். கடலில் இருக்கிற பாசி என்றேன். அவர் முகம் மாறியது.

"அந்த விஷப் பாசியா? பேப்பர்ல போட்டிருந்துச்சே. எங்க வீட்டுல இப்ப மீனே வாங்குததில்ல. ஒரு காலேஜ் வாத்தியாரே சொல்லியிருக்காருல்லா."

அந்த வாத்தியார் யாரென்று நான் சொல்லவில்லை.

7.35. விளாத்திகுளத்தில் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய். குளத்தூருக்கு இன்னொரு பஸ். அங்கிருந்து ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

9.20. கடல் தெரிவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. கரையோரத் தண்ணீர் அரைத்த கீரையைக் கரைத்தது போலக் கிடந்தது. மீன் ஏலக்கூடத்தில் ஆள் இல்லை. ஐஸ் பெட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. செல்வமேரி அக்கா அங்கே நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வாங்க என்று சொல்லவில்லை. தம்பி சூசையைக் கூப்பிட்டு, "இவியள கடலுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டு வா" என்றார்.

சூசையின் பைபர் படகில் அரை கிலோமீட்டர் போனோம். வலையை மூன்று இடங்களில் இழுத்தேன். பிறகு, பச்சை முடிந்து தண்ணீர் நீலமாகிற இடம்வரை போய் அவர் தூண்டில் போட்டார். நான் பாட்டில்களை நிழலில் வைத்துக் காத்திருந்தேன்.

11.40. கவிழ்த்த ஐஸ் பெட்டியின் மேல் நுண்ணோக்கியை வைத்து முதல் சொட்டைப் பார்த்தேன். இதற்கு நுண்ணோக்கியே தேவையில்லை. பாட்டிலை வெயிலில் பிடித்தாலே தெரிகிற அளவு. பொடி ஜவ்வரிசி போல் உருண்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வால். உருண்டைக்குள் பச்சைப் புள்ளிகள் நீந்திக்கொண்டிருந்தன. நாக்டிலூக்கா என்கிற கடல் நுண்ணுயிர். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் நடத்துகிற பாடம்.

கவசம் போல ஓடு போர்த்திய விஷப் பாசி வகைகள் இதைவிட மிகச் சிறியவை. அவற்றைத் தேடிப் பதினொரு சொட்டுகளைப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

அக்காவையும் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது விஷமா, இல்லையா?"

"மீனைத் திங்கிறவங்களுக்கு விஷமில்லக்கா. ராத்திரி இது தண்ணியில இருக்கிற காத்தையெல்லாம் குடிச்சிருது. கரையோர மீனு மூச்சு முட்டிச் செத்திருக்கு. செத்து ஒதுங்கினதத் தொட வேண்டாம். வெளியில உயிரோட புடிச்சத திங்கலாம்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"அன்னைக்கு நான் பாக்கல."

"பாக்காமயா சொன்னீய?"

அவர் குரலை உயர்த்தவில்லை. சூசைதான் எழுந்து கடலைப் பார்க்கப் போய்விட்டார்.

அங்கிருந்தே நிருபருக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "விஷமில்லன்னா அதுல நியூஸ் என்ன இருக்கு சார்? பாக்குதேன்" என்றார். அந்தச் செய்தி இன்றுவரை வரவில்லை.

1.15. கிளம்பும்போது அக்கா ஒரு பையைக் கையில் கொடுத்தார். சூசை பிடித்த இரண்டு விளமீன்கள், ஐஸ் போட்டு. பணம் வாங்க மறுத்துவிட்டார்.

"திங்கக்கிழமையிலிருந்து தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போறேன். குளத்தூர் வரைக்கும் வேன் வருது. நீங்க இத உங்க வீட்டுல ஆக்கித் தின்னுங்க. வாத்தியார் வீட்டுல தின்னாவன்னு தெரிஞ்சா தெருவுல வாங்குவாவ. அப்ப நான் திரும்பி வந்துருவேன்."

மாலை 4.50, கோவில்பட்டி. என் மனைவி பையைத் திறந்து பார்த்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"பிள்ளைகளுக்குக் குடுக்கலாமா?"

"பார்த்த பதினொரு சொட்டுலயும் ஒண்ணுமில்ல."

"பன்னெண்டாவது சொட்டுல?"

கடல் முழுவதையும் யாரும் பார்த்துவிட முடியாது; பார்த்தவரைக்கும்தான் சொல்ல முடியும் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. நானாவது பொரித்துத் தின்றிருக்கலாம். குளிர்பெட்டியில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை நகராட்சிக் குப்பை வண்டியில் அவள் அந்த மீன்களைப் போட்டபோது, நான் வாசலில்தான் நின்றிருந்தேன்.

புதன்கிழமை போன் வந்தது. வேன் இரைச்சலுக்கு நடுவே செல்வமேரி அக்காவின் குரல்.

"மீனு எப்படி இருந்துச்சு சார்? வீட்டுல எல்லாரும் தின்னாவளா?"

"தின்னாங்கக்கா. நல்லா இருந்துச்சு."

"அப்ப தெருவுல நாலு பேருட்ட சொல்லுங்க சார்."

சொல்கிறேன் என்றேன்.